டியூப்லெஸ் டயரும் உன் தாய்மாமனும்

அய்யா,

தை மாதம் லீவில் வந்தபோது என் சைக்கிளுக்கு நீ செய்துவிட்டுப் போன டியூப்லெஸ் ஏற்பாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழையபடி டியூப் மாட்டியாகிவிட்டது. இதைப் போனில் சொன்னால் "ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பாய். நான் "சரிப்பா, சரிப்பா" என்பேன். அதற்குள் உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாக ஊரார் கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்கு இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, பேனாவைப் பிடித்தால் விரல் மரத்துப் போகிறது. இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பேச்சு வந்தபோது, "மாமாவைக் கூப்பிட வேணாம்மா, மாலையைச் சித்தப்பா எடுத்துக் குடுக்கட்டும்" என்று சொன்னாய் அல்லவா, அதைப் பற்றியது இந்தக் கடிதம். டயரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

நீ மஸ்கட்டுக்குப் போன பிறகு உன் மலைச் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். நீ காலேஜில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமையானால் நார்த்தாமலைப் பாறைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவாயே, அந்தச் சைக்கிள். உன் அப்பா இறந்த வருஷம்தான் என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளின் போர்க் முறிந்தது. புதிதாக வாங்க மனசில்லாமல் உன்னுடையதை எடுத்தேன். சேலையோடு ஏற முடியாது என்று சுடிதாருக்கு மாறினேன். ஊரே வேடிக்கை பார்த்தது. "போஸ்டம்மா காலேஜுக்குப் போறாக" என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். அகலமான டயரும் கியரும் இருந்ததால் கண்மாய்க் கரை ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிய வேலை இல்லாமல் போனது. ஆனால் பஞ்சர் மட்டும் என்னை விடவில்லை. நம் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பொட்டல் உனக்குத் தெரியாததா? ஒற்றையடிப் பாதையெல்லாம் கருவ முள், அது இல்லாத இடத்தில் நெருஞ்சி. ஐந்து ஊருக்குத் தபால் கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு இரண்டு பஞ்சர் இல்லாமல் கழிந்ததில்லை. உன் அப்பா இருந்தவரை அவர் ஒட்டித் தருவார். பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? டேசாப் பாத்திரத்துத் தண்ணீரில் டியூபை முக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேய்த்து, சொல்யூசன் தடவி ஒட்டுவார். ஒட்டி முடித்ததும், "டயருக்குள்ள வெரலை விட்டு ஒரு சுத்துத் தடவாம டியூபை மாட்டக் கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். முனை ஒன்று உள்ளே நின்றுவிட்டால், மாட்டின டியூபும் அன்றைக்கே போய்விடும். எனக்குத் தெரிந்த சைக்கிள் சாஸ்திரம் அவ்வளவுதான். முள்ளைக் கண்டால் பிடுங்க வேண்டும்.

நீ தையில் வந்ததும் முதல் வேலையாக அந்த டயரைத்தான் கையில் எடுத்தாய். ரிம்முக்கு மஞ்சள் டேப் சுற்றி, வேறு வால்வு மாட்டி, பால் மாதிரி ஒரு மருந்தை ஊற்றி, கீரனூர் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்தாய். டயர் ரிம்மில் உட்கார்ந்தபோது இரண்டு தடவை வெடித்த சத்தம் கேட்டு, நான் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன், நீ சிரித்தாய். அப்பா போன பிறகு நீ என் எதிரில் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அந்த டயர் எனக்குப் பிடித்துப்போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மூன்று மாதம் அது தங்கமாக ஓடியது. முள் குத்தும், வெள்ளையாகக் கொஞ்சம் நுரை கசியும், சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் அடைந்துவிடும். டியூபாக இருந்தால், காற்று குறைந்த நேரத்தில் கல்லில் ஏறி இறங்கினாலே ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அந்தத் தொல்லையும் இல்லை. பங்குனி வரைக்கும் நான் ஒரு பஞ்சர் பார்க்கவில்லை. பார்த்தவர்களிடம் எல்லாம் "எம்மகன் போட்டுக் குடுத்தது" என்று பீற்றிக்கொண்டேன்.

நீ போகும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனாய். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பால் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வால்வைத் திறந்து கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்றாய். குத்திய முள்ளே ஓட்டைக்கு மூடி, பால் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைப் பிடுங்காதே என்றாய். இரண்டையும் நான் கேட்கவில்லை. மிச்சப் பாட்டிலை நல்ல சாமானாச்சே என்று துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். பஞ்சர் ஆகிற அன்றைக்கு ஊற்றிக்கொள்ளலாம், நன்றாக ஓடுகிறபோது எதற்கு வீணாக்குவது என்பது என் கணக்கு. புதுச் சேலையைப் பெட்டியில் வைத்து இற்றுப்போக விடுகிற புத்தி வேறு எங்கே போகும்? சித்திரை, வைகாசி வெயில் முழுக்கப் போய், ஆடியும் பிறந்துவிட்டது. இந்த மாதம் ஒருநாள் காலையில் கிளம்பும் முன்னால் பின் டயரைப் பார்க்கிறேன், முள் முள்ளாக மின்னுகிறது. முள்வாங்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முன்னும் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினேன். லேசாகச் சீறியது. பால் அடைத்துவிடும் என்று காற்றை அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது ஊரைத் தாண்டி, கண்மாய்க்கும் அடுத்த ஊருக்கும் நடுவில், ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டலில் இரண்டு டயரும் தரையோடு ஒட்டிக்கொண்டன. பம்பை வைத்து அடித்தேன். அடித்த காற்று அடித்த கையோடு போனது. ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு புளிய மரம் வரை தள்ளினேன். அதற்கு மேல் கால் வரவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, அய்யா. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது. யாரைக் கூப்பிடுவது? உன் மாமனைத்தான் கூப்பிட்டேன். நீ நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத உன் மாமனை. எந்தக் கஷ்டத்துக்கும் நான் முதலில் கூப்பிடுவது அவனைத்தான் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. உனக்குப் பிடிக்காது என்று மறைத்தேன்.

அவன் லோடு ஆட்டோ எப்.சி.க்கு நின்றிருந்தது. யாரிடமோ மொபெட்டை வாங்கிக்கொண்டு, கீரனூரில் சைக்கிள் கடைக்காரனை அவசரப்படுத்தி இரண்டு டியூப் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு மொபெட்டில் ஏறு என்றான். முடியாது, அது என் பிள்ளை சைக்கிள் என்றேன். மறு பேச்சுப் பேசாமல் மரத்தடியில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினான். உன் வால்வு நட்டு இறுகிப்போய், குறடு போட்டுத் திருகிய பிறகுதான் அசைந்தது. உள்ளே ஒரு சொட்டுப் பால் இல்லை. காய்ந்து, ஆடை ஆடையாக ரப்பர்த் தோல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. டியூபைச் சட்டென்று மாட்டிவிடுவான் என்று நினைத்தேன். அவன் டயருக்குள் விரலை விட்டு அங்குலம் அங்குலமாகத் தடவ ஆரம்பித்தான். நான் வெளியே இருந்து பிடுங்கியது கால்வாசிகூட இல்லை. டியூப் இல்லாதவரை உள்ளே நின்ற முனைகளால் தொல்லை இல்லை. டியூப் போட்டால் ஒவ்வொன்றும் குத்தும். பின் டயரில் மட்டும் பதினேழு எடுத்தான். எடுத்து எடுத்து ஒரு காகிதத்தில் போட்டான், யார் காலிலும் ஏறிவிடக் கூடாதாம். இரண்டு விரலில் ரத்தம்.

"மெதுவாடா, கையப் பாரு" என்றேன்.

"கெடக்கு. ஒண்ணு நின்னாலும் நாளைக்கு நீ நடுவழியில நிப்ப." இன்னொரு முள்ளைப் பிடுங்கிக் காகிதத்தில் போட்டான். பிறகு தலையைத் தூக்காமலே, "மாப்ளைக்கு ஆவணியில எத்தனாந் தேதி?" என்றான். அக்கா மகன் கல்யாணத் தேதியைத் தாய்மாமன் மரத்தடியில் உட்கார்ந்து கேட்கிறான்.

இதற்கு மேல் சொல்ல வேண்டியதைத்தான் நான் நாலு வருஷமாக விழுங்கிக்கொண்டு இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது நம் ஊர் வழக்கம். அது நல்லது என்றே எல்லோரும் நினைக்கிறோம். எழுதத் தெரியாத பெண்களுக்கு நான் எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா? "புண்ணுன்னு எழுதாதீங்க போஸ்டம்மா, லேசா வலின்னு எழுதுங்க, புள்ள அங்க சோறு திங்காது" என்பார்கள். அப்படியே எழுதுவேன். "இங்கு அனைவரும் நலம்" என்று பொய்யாக எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. உன் அப்பாவைத் திருச்சி ஆசுபத்திரியில் சேர்த்தபோது என் கை தானாக அதே வழிக்குத்தான் போனது. நீ அங்கே போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேட்டால் உடனே கிளம்பிவிடுவாய், வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னோடு பேசினால் குரல் உடைந்துவிடும் என்று போனை உன் மாமன் கையில் கொடுத்தேன். "காய்ச்சல்னு சொல்லு, வேற எதுவும் வாயைத் திறக்காத" என்று சொன்னது நான்தான், அய்யா. உன் மாமன் இல்லை.

அவன் சண்டை போட்டான். இரண்டாம் நாளே, "அக்கா, டாக்டர் சொல்றது எனக்கு நல்லாப் படல. மாப்ளையை வரச் சொல்லிருவோம், நான் டிக்கெட்டுப் போடுறேன்" என்றான். நான் அவன் மேல் எரிந்து விழுந்தேன். "எம்புருசன் சாகப் போறாருன்னு சொல்றியா" என்று வராந்தாவில் கத்தினேன். ஐந்தாம் நாள் உன் அப்பாவே என் கையைப் பிடித்து, "பயலை வரச் சொல்லு" என்றார். "வாரான், கெளம்பிட்டான்" என்றேன். அவரிடமும் பொய். அவர் அதற்கப்புறம் யார் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் போனார். உன் வேலைக்காக மறைத்தேன் என்று நான் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. நீ வந்து இறங்கினால், அவர் பிழைக்க மாட்டார் என்று நானும் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. என் பயத்துக்காக உன்னையும் அவரையும் ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல் செய்தேன்.

நீ வந்து சேர்ந்தபோது அவரைக் குளிர்ப் பெட்டியில் வைத்திருந்தோம். பையைக்கூட இறக்காமல், "எனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டாய். வாசலில் அத்தனை சனம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. திறக்கவே இல்லை. உன் மாமன்தான் முன்னால் வந்து, "நான்தாண்டா மாப்ள, நான்தான் வேணாம்னேன்" என்றான். நீ அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். அவன் பந்தல் காலில் மோதிக்கொண்டான். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாய். ஐம்பது வயது மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனான். போய், சுடுகாட்டுக்கு விறகு ஏற்றுகிற வேலையைப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுகை ஓயட்டும், காரியம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் தள்ளியது நாலு வருஷம் ஆகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு இறங்குமா? எனக்கு இறங்கவில்லை. களைத்துப்போய்விட்டேன்.

மரத்தடியில் அவனிடம் தேதியைச் சொன்னேன். நீ அவனைக் கூப்பிட வேண்டாம் என்றதையும் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேட்பதற்கு நானே சொல்வது மேல். அவன் முன் டயரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "தெரியும்க்கா" என்றான். "பட்டு வேட்டி எடுத்து பீரோவுல வச்சிருக்கேன். நீயே குடுத்துரு. நான் எடுத்ததுன்னு சொல்லாத, கட்ட மாட்டான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "சும்மா இரு. எம்மேல கோவிச்சுக்கிட்டா அவனுக்கு ஒரு மாமன் போச்சு, அம்புட்டுத்தான். ஒம்மேல கோவிச்சுக்கிட்டா? அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்லைன்னு ஆயிரும். அந்த ஊர்ல தனியாக் கெடந்து என்ன செய்வான்?" என்றான். சொல்லிவிட்டுக் காற்று அடித்தான். இரண்டு சக்கரத்தையும் மாட்டி, பிரேக்கைச் சரி பார்த்து, நான் மிச்சமிருந்த இரண்டு ஊருக்கும் தபால் கொடுத்து முடிக்கும் வரை மொபெட்டை உருட்டாத குறையாகப் பின்னாலேயே வந்தான்.

டயரையும் குடும்பத்தையும் முடிச்சுப் போட்டு உனக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. டயர் டயர்தான். நீயும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் வெள்ளிக்கிழமை லீவானால் மஸ்கட்டின் அந்த மொட்டை மலைகளில் ஓட்டப் போவீர்கள் என்பதால், என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். முள்ளுக் காட்டுக்கு டியூப்லெஸ்தான் நல்லது. நீ சொன்னது சரி, நான்தான் அதற்கு யோக்கியதை இல்லாதவள். பாலைப் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறவனுக்கு அது. என்னைப்போல மறந்துவிட்டு நடக்கிறவளுக்கு டியூப்தான் சரி. போனால் போனது என்று உடனே தெரியும், எந்த ஊரிலும் ஒட்டிக்கொள்ளலாம். டியூப்லெஸ் போட்டாலும் பையில் ஒரு டியூபும் பம்பும் இல்லாமல் போகாதே. வால்வு நட்டைக் கையால் கழற்றுகிற அளவுக்கே இறுக்கு. அந்தப் பெண்ணிடம் தலைவலி என்றால் தலைவலி என்று சொல், வேலை போனால் போனது என்று சொல். அவள் நல்லதுக்கு என்று எதையும் மறைக்காதே. அவளையும் மறைக்க விடாதே. நான் கண்ணால் கண்ட நல்லது ஒன்றும் அதில் இல்லை.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே, நான் தாங்கிக்கொள்வேன். நாலு வருஷம் எனக்குப் பதிலாக ஒருத்தன் தாங்கினான், இனி என் முறை. கல்யாணத்தன்றைக்கு நான் முன் வரிசையில் உட்காரக் கூடாது என்றால்கூடச் சரி என்பேன். ஆனால் உனக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வருவது உன் தாய்மாமனாக இருக்க வேண்டும். ஆள் விட்டுக் கூப்பிடாதே, பத்திரிகையைத் தபாலில் அனுப்பாதே, அவன் வீட்டுத் தபாலும் என் பையில்தான் வரும், அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிற கேவலம் எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே, அவனைக் கூப்பிடு. உன் பெயரைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் எடுப்பான், மணி அடித்துக்கொண்டே இருக்கும், வைத்துவிடாதே. நான் உனக்கு எழுதியது அவனுக்குத் தெரியாது. நீ கேட்டால், "அக்காவுக்கு வயசாயிருச்சு மாப்ள, என்னமோ ஒளறுது, ஒனக்குச் சொல்ல வேணாம்னது நான்தான்" என்பான். சத்தியம்கூடச் செய்வான். நம்பாதே, அய்யா.

அம்மா